மேப்பிளுக்குப் பதில் பாதாம் இலை: தைத்து, பெயின்ட் அடித்து ஒரு தோரணம்

அமெரிக்காவில் இருக்கும் அக்கா வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் ஃபோட்டோ அனுப்புவாள். வாசல் கதவில் துணியில் தைத்த மேப்பிள் இலைகள், படிக்கட்டில் குண்டுக் குண்டாகத் துணிப் பூசணிக்காய், எல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாக. பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தண்டையார்பேட்டையில் மேப்பிளுக்கு எங்கே போவது? அவர்களுக்கு இலை உதிரும் நேரத்தில் நமக்குப் புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கும், ஐப்பசி பிறந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும்.

இரண்டு வருஷம் மேப்பிள் படத்தைப் பார்த்து வெட்டிப் பார்த்தேன். அந்த ஐந்து முனைகளையும் உள்வெளியாகத் திருப்புவதற்குள் பொறுமை போய்விட்டது. அப்புறம் ஒருநாள் வாசல் பெருக்கும்போது துடைப்பத்தில் மாட்டியது ஒரு பாதாம் இலை, அதாவது சின்ன வயதில் கல்லால் உடைத்துக் கொட்டை தின்போமே அந்த நாட்டு வாதுமை. ஓரத்தில் ரத்தச் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, நரம்போரம் மட்டும் கொஞ்சம் மஞ்சள். இது மொத்தமாக உதிர்வது வேறு மாதத்தில்தான் என்றாலும் ஒன்றிரண்டு சிவந்த இலை எப்போது போனாலும் மரத்தடியில் கிடைக்கும். வடிவமும் சுலபம், காம்புப் பக்கம் குறுகி நுனிப் பக்கம் அகன்ற ஒரே வளைவு. தைக்கத் தெரியாதவர் கூடத் தைத்துவிடலாம். இந்தத் தோரணம் அதில்தான்: 7 இலை, சனி ஞாயிறு இரண்டு நாள், கொலு வாசலுக்கோ தீபாவளிக்கோ தயார்.

துணி

அரை மீட்டர் காடா துணி போதும். வெளுக்காத, கொஞ்சம் பழுப்பாக இருக்கும் சாதாரண காடா. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எந்தத் துணிக்கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள், ஆனால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், அரை மீட்டர் காடாவுக்காக அந்தக் கூட்டத்தில் நசுங்க வேண்டிய அவசியமில்லை. வார நாளில் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். 44 இன்ச் அகலத் துணியில் 9க்கு 7 இன்ச் துண்டு 12 வரை வரும். நமக்கு முன்பக்கத்துக்கு 7 போதும், மீதியில் கெடுத்துக் கற்றுக்கொள்ளலாம். பின்பக்கத்துக்கு வீட்டில் கிடக்கும் பழைய பருத்திப் புடவை, லைனிங் துணி எது வேண்டுமானாலும் சரி.

பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், பெயின்ட் உள்ளே இறங்காது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கருப்பு மணியாக உறையும்.

வாங்கி வந்ததும் அப்படியே பெயின்ட் அடிக்க உட்காராதீர்கள். இந்த இடத்தில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் சறுக்குவது. காடாவில் கஞ்சி இருக்கும், அது பெயின்டை உள்ளே விடாது. தைத்த பிறகு நனைந்தால் துணி சுருங்கி இலை படகு மாதிரி வளைந்துகொள்ளும். சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் இன்னொரு தடவை துவைக்க வேண்டும், உடனே உறிஞ்சினால் சரி.

உள்ளே வைக்கப் பஞ்சா, துண்டா

குவில்ட் என்பது வேறொன்றுமில்லை, மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் மெத்தென்று ஏதாவது, மூன்றும் நகராமல் குறுக்கே ஓடும் தையல். வங்காளத்துக் காந்தா, வட கர்நாடகத்துக் கவுதி எல்லாம் பழைய புடவைகளை அடுக்கி இப்படித் தைத்ததுதான்.

முதல் தடவை நான் இலவம் பஞ்சு திணித்தேன். எங்கள் தெரு டெய்லர் அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, தலகாணிய இலை மாதிரி வெட்டி வச்சிகிறே?" என்றார். அவர் சொன்னது சரிதான். இலவம் பஞ்சு வழவழப்பான இழை, ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளாது. நரம்புத் தையல் போடும்போது ஒரு பக்கம் ஒதுங்கி, இலை ஒரு பக்கம் குண்டாகவும் இன்னொரு பக்கம் சப்பையாகவும் ஆனது. அதோடு நிற்கவில்லை. மழைச் சாரல் படும் இடத்தில் மாட்டியிருந்தேனா, நவம்பரில் உள்ளேயிருந்து பூஞ்சை நாற்றம். மொத்தமாகத் தூக்கிப் போட்டேன்.

இப்போது வைப்பது பழைய தேங்காய்ப்பூ துண்டு. தேய்ந்து போனதாக இருந்தால் இன்னும் நல்லது. தட்டையாக நிற்கும், நகராது, ஊசி சுலபமாக இறங்கும். ஒரே குறை, நனைந்தால் காய நாளாகும். சாரல் அடிக்கும் வாசலுக்குச் செய்கிறீர்கள் என்றால் தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டின் மெல்லிய ரகத்தை வாங்குங்கள், சீக்கிரம் உலரும். கூடத்துக்குள் மாட்டுவதற்குத் துண்டே போதும்.

சனிக்கிழமை: பெயின்ட்

ஃபேப்ரிக் பெயின்ட் நாலே பாட்டில்: எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, அடர் சிவப்பு, காப்பி பிரவுன். ஒரு தட்டை பிரஷ், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் வெட்டிய ஒரு துண்டு. அவ்வளவுதான்.

எந்த நிறம் முதலில் என்பதை மரத்திடமே கேட்கலாம். மேப்பிள் இலையில் மஞ்சள் நிறமி கோடையிலிருந்தே உள்ளே இருக்கிறது, பச்சையத்தின் கீழே மறைந்து. குளிர் வர வர, பகல் குறையக் குறையப் பச்சையம் சிதைந்து போகும், மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு அப்படியில்லை, அந்தோசயனின் என்கிற அந்த நிறமியை இலை பெரும்பாலும் அந்தக் கடைசி வாரங்களில்தான் புதிதாகச் செய்துகொள்ளும். ஆக மஞ்சள் அடியில், சிவப்பு மேலே. நம் துணியிலும் அதே வரிசையில் பூசினால் இலை மாதிரி இருக்கும். நேராகச் சிவப்பு அடித்துவிட்டு அதன் மேல் மஞ்சள் போட்டால் பெயின்ட் கடை போர்டு மாதிரி இருக்கும்.

வெட்டிய காடாத் துண்டை லேசாக ஈரப்படுத்துங்கள், பிழிந்த துணியின் ஈரம் போதும். மஞ்சளைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி ஸ்பாஞ்சால் முழுக்கத் தடவுங்கள். ஈரம் இருக்கும்போதே நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் ஆரஞ்சை உள்நோக்கித் தட்டித் தட்டிக் கொண்டுவாருங்கள், இரண்டும் தானாகக் கலக்கும். தண்ணீர் அதிகமானால் நிறம் கட்டுப்பாடில்லாமல் ஓடும். சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் துணியில் கையால் கலம்காரிச் சித்திரம் எழுதிக் கப்பல் ஏற்றினார்கள், 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதைக் கட்டில் விரிப்பாகவும் குவில்ட்டாகவும் போட்டுக்கொண்டார்கள். கலம்காரிக்காரர்கள் சாயம் பரவாமல் இருக்கத் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பது இன்றும் உண்டு. நமக்கு அந்தப் பாடெல்லாம் வேண்டாம், தண்ணீரைக் குறைத்தால் போதும்.

கெட்டியாக அப்பாதீர்கள். பெயின்ட் கெட்டியாக உறைந்த துணி ரெக்ஸின் மாதிரி ஆகிவிடும், நாளைக்கு ஊசி கிறீச்சிடும், தையல் விட்டுவிட்டு விழும்.

அது காய்ந்ததும்தான் எனக்குப் பிடித்த வேலை. 8 இன்ச் நீளம், 5 இன்ச் அகலம் இருக்கும் ஒரு பாதாம் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் விழுந்ததாக இருக்கட்டும், சருகு என்றால் நொறுங்கிவிடும். இலையைக் கவிழ்த்துப் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள், நரம்புகள் கைக்குத் தட்டும். அந்தப் பக்கத்தில்தான் பெயின்ட். சிவப்பில் துளி பிரவுன் கலந்து, தண்ணீர் விடாமல், மெல்லிசாகப் பூசுங்கள். பெயின்ட் பக்கம் கீழே இருக்கும்படி துணியில் வைத்து, மேலே பழைய செய்தித்தாள் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் ஒரே ஒரு தடவை உருட்டுங்கள். முன்னும் பின்னும் உருட்டினால் அச்சு இரட்டையாக விழும். காம்பைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் நடு நரம்பு, கிளை நரம்பு, ஓரம் எல்லாம் துணியில் பதிந்திருக்கும். வரையத் தெரியாது என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு இலை நாலைந்து அச்சுக்குத் தாங்கும்.

இரவு முழுக்கக் காயட்டும். அடைமழை நாளில் ஃபேன் அடியில் விரித்துவையுங்கள், தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்ததும் கவிழ்த்துப் போட்டுப் பின்புறம் இஸ்திரி போடுங்கள், நிறம் துணியில் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை: தையல்

முதலில் அச்சு விழுந்த துண்டை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பின்புறத்தில் இலையின் ஓரக் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். தைக்கும்போது நமக்குத் தெரியப்போவது இந்தப் பக்கம்தான்.

இப்போது அடுக்கு. கீழே தேங்காய்ப்பூ துண்டு. அதன் மேல் பின்பக்கத் துணி, நல்ல பக்கம் மேலே. அதன் மேல் இலைத் துணி, பெயின்ட் பக்கம் கீழே. பென்சில் கோடு உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். நாலு குண்டூசி குத்துங்கள். வெட்டாதீர்கள்! வெட்டிவிட்டுத் தைத்தால் மூன்று அடுக்கும் மூன்று பக்கம் வழுக்கும். கோட்டின் மேலேயே தைத்துவிட்டு அப்புறம் வெட்டுவதுதான் சுலபம்.

காம்புக்கு அருகில் வளைவு குறைவாக இருக்கும் பக்கத்தில் 2 இன்ச் இடைவெளி விட்டு மீதிக் கோடு முழுக்கத் தையுங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் பின்னோக்கி இரண்டு மூன்று தையல் போட்டு இறுக்குங்கள், திருப்பும்போது அங்கேதான் பிரியும். பிறகு தையலுக்கு வெளியே கால் இன்ச் விட்டு வெட்டுங்கள், இடைவெளி விட்ட இடத்தில் மட்டும் அரை இன்ச். துண்டை மட்டும் தையலை ஒட்டி இன்னும் ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஓரம் தடிக்கும். நுனியில் இருக்கும் அந்த அகன்ற வளைவில் கத்தரிக்கோல் முனையால் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி எடுங்கள், தையலில் படாமல். இதை விட்டுவிட்டால் திருப்பியதும் வளைவு சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

இடைவெளி வழியாக, இரண்டு துணிகளுக்கும் நடுவே கைவிட்டு, உள்வெளியாகத் திருப்புங்கள். துண்டு தானாக உள்ளே போய்விடும். கரண்டிக் காம்பை உள்ளே விட்டு ஓரத்தைத் தள்ளிவிட்டு, இடைவெளியின் விளிம்பை உள்ளே மடித்துக் கையால் தைத்து மூடுங்கள்.

இனி நரம்பு. அச்சில் விழுந்த கோட்டின் மேலேயே தையல் ஓடும், அதனால் யோசிக்க எதுவுமில்லை. நடு நரம்பைக் காம்பிலிருந்து நுனி வரை முதலில். அப்புறம் கிளை நரம்புகள் இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றி, எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் துணி அங்கே சேர்ந்துகொண்டு ஒரு மடிப்பு விழும், அதைப் பிரிக்காமல் சரி செய்ய முடியாது. மிஷினில் என்றால் தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்கு மேல், ஊசி 14 அல்லது 16ஆம் நம்பர், துணியை அமுக்கிப் பிடிக்கும் மிஷின் காலின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்திவையுங்கள். மிஷின் இல்லையென்றால் கவலையே படாதீர்கள், என் கண்ணுக்குக் கைத்தையல்தான் அழகு. எம்பிராய்டரி நூலின் 6 இழையில் 3 இழையைப் பிரித்து, ஒவ்வொரு தையலும் ஓர் அரிசி நீளத்துக்கு, இறுக்கி இழுக்காமல் ஓட்டுங்கள். கடைசி நரம்பு முடிந்ததும் இலை சட்டென்று உப்பிக்கொண்டு நிற்கும். தட்டைத் துணி இலையாக மாறுவது அந்த நிமிஷத்தில்தான்.

கடைசியாகக் கொஞ்சம் பெயின்ட். பிரஷ்ஷில் மஞ்சளைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்துபோன பிரஷ்ஷால் உப்பிய மேடுகளை மட்டும் உரசிவிடுங்கள். பள்ளத்தில் சிவப்பு, மேட்டில் மஞ்சள் என்று பிரிந்து தெரியும். இரண்டு இலையில் பிரவுன் புள்ளிகளும் வையுங்கள். பூச்சி அரித்த இடமே இல்லாத பாதாம் இலையை நான் பார்த்ததில்லை.

காம்புக்கு நான் வைத்தது காக்கித் துணி. தாத்தா பின்னி மில்லில் இருந்தவர், 1996ல் மில் மூடியபோது எங்கள் பெட்டியில் இருந்த காக்கித் துண்டு இன்னும் சாயம் போகாமல் கிடக்கிறது. அதில் ஒரு இன்ச் அகலப் பட்டை வெட்டி, மடித்துத் தைத்து, வளையமாகப் பின்னால் சேர்த்துவிட்டேன். சருகுக் காம்பின் நிறமே அதுதான். உங்களிடம் காக்கி இல்லையென்றால் சணல் கயிறு.

மிச்சத்தில் ஒரு பூசணிக்காய்

இதற்கு அரை மணி நேரம். மீதிக் காடாவில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் வெட்டுங்கள். ஆரஞ்சு பூசிக் காயவையுங்கள். ஓரத்தைச் சுற்றிப் பெரிய தையலாக இரட்டை நூல் ஓட்டி, பை மாதிரி சுருக்கி, உள்ளே கெட்டியாகத் திணியுங்கள். தலகாணிதான் என்பதால் இங்கே இலவம் பஞ்சு தாராளமாக. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டபின் நீள ஊசியில் தடித்த நூல் கோத்து அடியிலிருந்து நடு வழியாக மேலே குத்தி, வெளிப்பக்கமாகச் சுற்றி மறுபடி அடிக்கு வந்து இழுங்கள். இப்படி ஆறு முறை சுற்றினால் ஆறு புடைப்பு. மேலே வைக்கக் காம்பு எதற்கு வாங்க வேண்டும்? மார்க்கெட்டில் மஞ்சள் பூசணி கீற்றுப் போடுகிற அம்மாவிடம் கேட்டால் காம்பைச் சும்மா தருவார், பத்து நாள் வெயிலில் உலர்த்தி ஒட்டிக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் ரோடெல்லாம் உடைந்து கிடக்குமே, அது வெண்பூசணி, அதைப் பொறுக்கப் போய் வழுக்கி விழாதீர்கள்.

மாட்டுவது

நம் பக்கம் கடல் காற்று. குண்டூசி, சேஃப்டி பின் எதையும் துணியில் விட்டுவைக்காதீர்கள், இரண்டே மாதத்தில் துருக்கறை பிடித்துவிடும், அது போகவே போகாது. கோப்பதற்குக் காசிமேட்டில் வலைக்கடையில் கிடைக்கும் நைலான் வலை நூல்தான் சரி. மக்காது, உப்புக்காற்றுக்கு அசையாது. இலைக்கு இலை 3 இன்ச் விட்டு, ஒவ்வொரு காம்பு வளையத்துக்கும் இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்கள், இல்லையென்றால் மின்விசிறிக் காற்றில் எல்லா இலையும் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் புரட்டாசி அமாவாசை கழித்துக் கட்டி, கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் கழற்றிவிடுவேன். காய்ந்த பெயின்டும் பஞ்சும் அகல் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கழற்றியதும் ஒரு நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காட்டி, வேப்பிலை போட்டுப் பழைய தலகாணி உறையில் வைத்துக் கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் மட்டும் போடவேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.